வெள்ளைக் காரை

1929 ஆகஸ்டில், ஐரோப்பிய ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், கோமி காடுகளுக்கு நடுவே ஓடும் உக்தா ஆற்றின் கரையில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அர்கங்கெல்ஸ்க் துறைமுகத்தில் கப்பலேறி, பெச்சோரா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இறங்கி, பிறகு இஷ்மா வழியாக எதிர்நீரில் படகு தள்ளி வந்தவர்கள். பெரும்பாலோர் கைதிகள். அனுப்பி வைத்தது சோவியத் ரகசியப் போலீஸ். கைதிகளுக்குள் நிலவியலாளர்களும் இருந்தார்கள், துரப்பணப் பொறியாளர்களும் இருந்தார்கள். ஒரு குற்றத்தைச் சுமத்தி ஆளைப் பிடித்துவிட்டால் அவன் படித்த படிப்பும் சம்பளமில்லாமல் கூடவே வந்துவிடும் என்பதை அந்த அரசு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

அவர்களுக்கு இடப்பட்ட வேலை எண்ணெய் தேடுவது. உக்தாவில் எண்ணெய் கசிவது நூற்றாண்டுகளாகவே தெரிந்த விஷயம்தான். 1868லேயே அங்கே ஒரு வியாபாரி கிணறு தோண்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் மாஸ்கோவில் இருந்தவர்களின் கண் எண்ணெய் மேல் மட்டும் இல்லை. 1926ல் செரெபென்னிகோவ் என்ற நிலவியலாளர் அந்தப் பகுதியின் பழைய கிணறு ஒன்றில் எண்ணெயோடு வந்த உப்புநீரைச் சோதித்தார். அதில் ரேடியம் இருந்தது.

ரேடியம் அன்றைக்குத் தங்கத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சரக்கு. இருபதுகளில் ஒரு கிராம் சுமார் 70,000 டாலர். புற்றுநோய் வைத்தியத்துக்கு வேண்டும், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புக்கு வேண்டும். உலகச் சந்தையோ பெல்ஜியத்தின் கையில். அவர்கள் காங்கோவில் தோண்டிய கனிமத்தோடு போட்டி போட யாராலும் முடியவில்லை. கனிமம் இல்லாவிட்டால் என்ன, தண்ணீரிலிருந்து பிழிந்து எடுப்போம் என்று சோவியத் அரசு முடிவு செய்தது. 1931ல் உக்தாவுக்குப் பக்கத்தில் வோத்னி என்ற குடியிருப்பு முளைத்தது. ரஷ்ய மொழியில் அந்தப் பெயருக்கே நீர் சார்ந்தது என்றுதான் பொருள்.

அங்கே நடந்த வேதியியல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிணற்றிலிருந்து வந்த உப்புநீரை மரத்தொட்டிகளில் நிரப்பி, பேரியமும் சல்ஃபேட்டும் அதில் சேரும்படி செய்வார்கள். இரண்டும் சந்தித்த கணத்தில் தண்ணீர் பால்போல் வெளுத்து, பேரியம் சல்ஃபேட் என்ற வெள்ளை மண்டியாக அடியில் இறங்கும். ரேடியம் அணு பேரியத்துக்குப் பங்காளி. தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசை, அளவும் ஏறக்குறைய ஒன்று. அதனால் மண்டி படியும்போது பேரியம் உட்கார வேண்டிய இடத்தில் ரேடியமும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மண்டியை வழித்தெடுத்து, மறுபடி மறுபடி செறிவூட்டி, கடைசியில் ஆய்வகத்தில் ரேடியம் உப்பாகப் பிரிப்பார்கள்.

எவ்வளவு தண்ணீர்? எண்ணெய் வயல் நீரில் ரேடியம் எவ்வளவு இருக்கும் என்பதற்குச் சர்வதேச அணுசக்தி முகமை 2003ல் வெளியிட்ட அறிக்கை கொடுக்கும் உச்ச அளவு, லிட்டருக்கு 1,200 பெக்கெரல். அத்தனை செறிவான நீர் கிடைத்தால்கூட ஒரு கிராம் ரேடியத்துக்கு மூன்று கோடி லிட்டர் வேண்டும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 2,500 லாரிக்கு மேல். அவ்வளவையும் துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கே, பனியில், கைதிகள் தொட்டி தொட்டியாக மாற்றினார்கள். எண்ணெய் வயலின் உப்புநீரிலிருந்து ரேடியம் எடுப்பதை ஒரு தொழிலாகவே நடத்திக் காட்டியது வோத்னி.

இந்தக் கதையில் இதற்கப்புறம் வருவது எல்லாம் அந்த மரத்தொட்டியில் நடந்ததேதான். இடமும் ஆட்களும் மட்டும் மாறுகிறார்கள்.

போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குக் காரை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளையாக, ஓடுபோல், சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். எண்ணெய்க் கிணற்றின் குழாய்க்குள்ளும் அதுதான் படிகிறது. நிலத்தடிப் பாறையில் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆழத்தில் அவை தண்ணீரில் கரையாமல் பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவை சிதைந்து பிறக்கும் ரேடியம் அப்படியில்லை. உப்புநீரில் கரைந்து, எண்ணெயோடு மேலே ஏறிவிடும். ஏறும் வழியில் அழுத்தமும் சூடும் குறையக் குறைய, கரைந்திருந்த பேரியம் சல்ஃபேட்டாகக் குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. பங்காளியும் கூடவே ஒட்டுகிறான்.

ஹீட்டர் காரைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹீட்டரில் படிவது சுண்ணாம்பு; எலுமிச்சம்பழம் தேய்த்தாலே இளகும். பேரியம் சல்ஃபேட் அமிலத்துக்கும் அசையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை மில்லிகிராம்கூடக் கரையாத சரக்கு. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சுரண்டலில்தான் ஒரு தொழிலே பிறந்தது.

கதிரியக்கம் எண்ணெயோடு வரும் என்பது முதலில் தெரிந்தது வோத்னியில் இல்லை. அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே, 1904ல், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஈ.எஃப். பர்ட்டன் என்ற இளைஞர் கச்சா எண்ணெயிலிருந்து ஒரு கதிரியக்க வாயு வெளிவருவதை அளந்து காட்டினார். அது சில நாள்களில் பாதியாகக் குறைந்தது. இன்று அதற்குப் பெயர் ரேடான். கியூரி தம்பதியர் நோபல் வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பழைய செய்தி என்று புரியும். பர்ட்டன் பின்னாளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி பக்கம் போய்விட்டார். அவருடைய மாணவர்கள் 1938ல் கட்டியது வட அமெரிக்காவின் ஆரம்பகால எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளில் பேர்பெற்றது. எண்ணெயின் கதிரை அவர் மறந்ததில் குற்றமில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் மறந்ததுதான் விசித்திரம்.

முழுக்க மறந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கிணற்றுக்குள் கருவியை இறக்கிப் பாறையின் காமா கதிரை அளந்து, எந்த அடுக்கு களிமண், எந்த அடுக்கு மணற்கல் என்று பிரித்துப் படிப்பது நாற்பதுகளிலிருந்தே அவர்களுடைய அன்றாட வேலை. எழுபதுகளில் இயற்கை எரிவாயு ஆலைகளிலும் ஒரு விஷயம் பேசப்பட்டது. ரேடானின் கொதிநிலை ஈத்தேனுக்கும் புரொப்பேனுக்கும் இடையில் விழுகிறது. வாயுவைக் குளிரவைத்துப் பிரிக்கும்போது ரேடான் புரொப்பேன் பக்கம் போய்ச் சேருகிறது. அங்கே பம்புகளின் உட்புறம் சிதைந்து, ஈயம்-210 என்ற மெல்லிய படலமாகத் தங்குகிறது. இந்த ஈயம் வெளியே அநேகமாக ஒன்றையும் காட்டாது. பம்பின் மேல் அளவுகருவியை வைத்தால் முள் அசையாது. பம்பைப் பிரித்து, உள்ளே உப்புத்தாளால் தேய்க்கிற ஆளுக்குத்தான் அது இருக்கிறது.

பாறையில் கதிரை அளந்தார்கள், வாயுவில் அளந்தார்கள். நடுவே இருந்த குழாயில் அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

வடகடலில் அது 1981ல் தோன்றியது. பிரிட்டிஷ் எண்ணெய் மேடைகளில், எண்ணெயைத் தள்ளி மேலேற்றக் கடல்நீரைக் கிணற்றுக்குள் அழுத்துவது வழக்கம். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய. பாறை நீரில் பேரியம் நிறைய. அடியில் இரண்டும் சந்திக்கும்போது என்ன ஆகும் என்பதை வோத்னியின் கைதிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். குழாய்கள் அடைத்துக்கொண்டன. அந்த அடைப்பை அளந்தபோது கதிர் இருந்தது.

அமெரிக்காவில் இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் எண்ணெய்க் குழாய் சுத்தம் செய்வது அந்தக் காலத்தில் நல்ல பிழைப்பு. கிணற்றுக்குள் இறங்கும் குழாய் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 அடி நீளம், கைக்கு அடங்கும் பருமன். நூற்றுக்கணக்கான குழாய்களைத் திருகிச் சேர்த்தால் ஒரு கிணறு. உள்ளே காரை ஏறி வழி குறுகிவிட்டால் அத்தனையையும் உருவி, லாரியில் ஏற்றி, பட்டறைக்கு அனுப்புவார்கள். பட்டறையில் குழாயைச் சட்டத்தின் மேல் கிடத்தி, நுனியில் பல்வைத்த நீண்ட கம்பியைச் சுழலவிட்டு உள்ளே செலுத்துவார்கள். கடகடவென்று நடுங்குவதால் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ராட்லிங் என்றே பெயர். காற்றழுத்தம் கொடுத்ததும் மறுமுனையில் வெள்ளைத் தூள் பீறிட்டு வரும். முடி, இமை, சட்டை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றின் மேலும் அது இறங்கும். தரையில் குவிந்ததை மண்வாரியால் இழுத்து, முற்றத்தில் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போட்டு மட்டம் செய்துவிடுவார்கள். சுத்தமான குழாய் கம்பெனிக்குத் திரும்பும். கழித்துவிட்ட குழாய் காயலான் கடைக்குப் போகும், அல்லது பக்கத்து ஊர்க்காரர் வேலிக்கு வாங்கிப் போவார்.

1986 ஏப்ரலில் மிசிசிப்பியில் ஒரு கிணற்றைப் பழுது பார்க்க உருவிய குழாய்களின் காரையில் கதிரியக்கம் பிடிபட்டது. அங்கிருந்து கேள்வி பின்னோக்கி நகர்ந்தது: இதே வயல்களின் குழாய்கள் இத்தனை வருடம் எங்கே சுத்தமாயின? லாரல் நகரத்துக் குழாய்ப் பட்டறையில் அளந்தபோது முற்றத்து மண்ணே கதிர் காட்டியது. வேலிக்குப் போன குழாய்களையும் தேட வேண்டியதாயிற்று. நல்ல இரும்பு, சும்மா கிடைக்கிறது, நீளமும் வசதி. பள்ளிக்கூடங்களில் வெல்டிங் பழகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டுத் திடலில் ஊஞ்சலுக்குக் கால் நட்டிருந்தார்கள். வீட்டுக்கு உத்தரமாகக்கூட ஏற்றியிருந்தார்கள்.

காயலான் கடைகளிலும் அந்தச் சமயம் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் ஒரு பழைய மருத்துவக் கருவியைப் பழைய இரும்பென்று விற்றுவிட, அதற்குள்ளிருந்த கோபால்ட்-60 உருக்கு ஆலையில் கலந்து கட்டடக் கம்பியாகிவிட்டது. 1984 ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்துக்கு வழிதவறிப் போய் எச்சரிக்கை மணியை அடித்துவிட்டதால்தான் விஷயமே வெளியில் வந்தது. அதற்குப் பிறகு உருக்கு ஆலைகளும் பெரிய காயலான் கடைகளும் வாசலில் கதிர் காட்டும் கருவிகளை நிறுத்தின. அவர்கள் காத்திருந்தது இன்னொரு கோபால்ட்டுக்காக. மணி அடித்தபோதெல்லாம் லாரியில் அடிக்கடி இருந்தது எண்ணெய்க் குழாய்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொன்னது என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1954 அணுசக்திச் சட்டம் யுரேனியத்தையும் தோரியத்தையும் அணு உலையின் கழிவையும் கவனித்தது. தரையிலிருந்து தானாக வந்த ரேடியத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. அபாயக் கழிவுச் சட்டமோ 1980 திருத்தத்தின் வழியாக எண்ணெய் வயல் கழிவை ஒதுக்கி வைத்திருந்தது. 1988ல் மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம் அந்த விலக்கை அப்படியே நீடித்தது. ஆகப் பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. முதலில் விதி எழுதியது லூசியானா, 1989ல்.

அந்த விதிகளில் ஒரு எண் அடிக்கடி வரும்: மணிக்கு 50 மைக்ரோ ராண்ட்ஜன். குழாயின் மேல் கருவியை வைத்து அதற்குக் கீழே காட்டினால் குழாய் சுதந்திரமாகப் போகலாம். இன்றைய அலகில் மணிக்கு சுமார் அரை மைக்ரோசீவர்ட். வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலை செய்யும் ஒருவர் அந்தக் குழாயை ஒட்டியே நின்றால் ஒரு மில்லிசீவர்ட் சேரும். பொதுமக்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வருட வரம்பும் அதுதான். பார்க்க மிக நேர்த்தியான எண்.

ஆனால் அது குழாய்க்கு வெளியே நிற்கிற ஆளுக்கான எண். பட்டறை ஆள் குழாய்க்கு உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிறவர். ஆல்ஃபா கதிர் இரும்பைத் தாண்டாது, தோலைக்கூடத் தாண்டாது. நுரையீரலுக்குள் போனால் அதற்குத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். தூசி நிறைந்த பட்டறையில் ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் தூள் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்யும் மனிதர் மணிக்கு 1.2 கனமீட்டர் மூச்சு விடுகிறார். வருடம் முடிவில் 12 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்பூன் காரை உள்ளே போயிருக்கும். காரையில் கிராமுக்கு 100 பெக்கெரல் ரேடியம் இருந்தால், ரேடியம் ஒன்றால் மட்டும் இரண்டரை மில்லிசீவர்டுக்கு மேல். கூடவே வரும் ஈயம், பொலோனியம் தனி. கதிர்ப் பணியாளருக்கு அனுமதிக்கப்பட்ட வருடச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்பதால், இது பயப்படும் எண் இல்லை.

சிக்கல் அந்த 100ல் இருக்கிறது. காரையில் ரேடியம் கிராமுக்கு 0.1 பெக்கெரலிலிருந்து 15,000 வரை இருக்கலாம் என்கிறது முன்சொன்ன அணுசக்தி முகமை அறிக்கை. சாதாரண மண்ணில் கிராமுக்கு 0.03 பெக்கெரல்தான் இருக்கும். ஒரே கிணற்றில், ஒரே குழாயின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும்கூட வித்தியாசம் இருக்கும். அதே ஸ்பூன் தூள், மோசமான காரையாக இருந்தால், கணக்குப்படி வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லிசீவர்ட். எந்த நாளில் எந்தக் குழாயைச் சுத்தம் செய்தோம் என்று பட்டறையில் யாரும் குறித்து வைக்கவில்லை. தூசியை யாரும் பிடித்து எடை போடவில்லை. 20 வருடம் கழித்து வழக்கு என்று வந்தால், ஒரு நிபுணர் அந்த மனிதர் விட்ட மூச்சை மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்த்தரப்பு நிபுணர் வேறு எண் வைத்திருப்பார்.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 1989ல் வெளியிட்ட ஆய்வு இந்த விரிந்த அளவை வேறு விதத்தில் காட்டியது. 20 மாநிலங்களில் 36,000க்கும் மேற்பட்ட அளவீடுகள். பெரும்பாலானவை அந்தந்த இடத்தின் இயல்பான பின்னணியைத் தாண்டவில்லை. தாண்டியவை டெக்சாஸின் தென்முனையிலிருந்து ஃபுளோரிடா வரை வளைகுடாவை ஒட்டிப் பிறைபோல் கிடந்தன. தொழில்துறை இதை ஆறுதலாக வாசித்தது. மற்றவர்கள் பிறையைப் பார்த்தார்கள். இரண்டு வாசிப்பும் அந்தத் தாள்களிலேயே இருந்தன.

மண்ணுக்கு வேறு விதமான கணக்கு. இல்லினாய் மாநிலத்தின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் 1989ல் ரெஸ்ராட் என்ற கணினி நிரலை உருவாக்கியது. அணு ஆயுத வளாகங்களின் நிலத்தைத் துப்புரவு செய்யத் தயாரித்தது, சீக்கிரமே எண்ணெய் வயலுக்கும் வந்தது. அதற்குள் ஒரு விவசாயக் குடும்பம் வாழ்கிறது. அது கழிவு கலந்த மண்ணின் மேல் வீடு கட்டிக்கொள்கிறது, கொல்லையில் காய்கறி போடுகிறது, அங்கேயே கிணறு வெட்டிக் குடிக்கிறது, அங்கே மேய்ந்த மாட்டின் பாலைக் கறக்கிறது. எவ்வளவு நேரம் வெளியில் நிற்பார்கள், எத்தனை கிலோ கீரை தின்பார்கள் என்பதை எல்லாம் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் தட்டச்சு செய்ய வேண்டும். வீட்டுத் தரையில் விரிசல் எவ்வளவு என்பதைக்கூட. ரேடியம் உள்ள மண்ணில் கடைசியில் பெரிய பங்கு வகிப்பது பெரும்பாலும் அந்த விரிசல்தான்; ரேடான் அதன் வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது. அந்தக் குடும்பத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வாரம் ஒருமுறை வந்து போகும் காவலாளியை வைத்தால் அதே மண்ணின் ஆபத்து பலமடங்கு இறங்கிவிடும். மண்ணைத் தொடவே வேண்டாம். ஆபத்து எவ்வளவு என்பதை அளவுகருவியைவிட, அங்கே யார் வாழப் போகிறார் என்ற கற்பனைதான் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறிய இடம் நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் ஹார்வி என்ற ஊரில், 33 ஏக்கர் குடும்பச் சொத்தை ஒரு குழாய்ப் பட்டறைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். உரிமையாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அங்கே சுமார் 30 வருடம் எண்ணெய்க் கம்பெனிகளின் குழாய் சுத்தமாயிற்று. முக்கிய வாடிக்கையாளர் எக்ஸான். 1987ல் கம்பெனி பட்டறைக்குக் கதிர் விஷயத்தைச் சொன்னது. நில உரிமையாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவர்களுடைய வழக்கு. மாநில விதி கேட்கும் அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும், செலவும் அதிகம் ஆகாது என்றது ஒரு தரப்பு. பட்டறை வந்தபோது மண் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றது மறுதரப்பு. 2001 மே மாதம் ஜூரி தீர்ப்புச் சொன்னது: சுத்தம் செய்ய 5 கோடியே 60 லட்சம் டாலர், தண்டனையாக 100 கோடி டாலர். மேல்முறையீட்டில் தண்டனைத் தொகை சுமார் 11 கோடியே 20 லட்சத்துக்கு இறங்கியது. இறங்கினாலும், நிலத்தின் சந்தை விலையைவிடப் பல மடங்கு.

பட்டறைத் தொழிலாளிகள் தங்கள் உடம்புக்காகப் போட்ட வழக்குகள் இவ்வளவு நேராக ஓடவில்லை. அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சீவர்ட் கதிர் வாங்கினால் உயிர்க்கொல்லிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடும் என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் பொது மதிப்பீடு. நடுத்தரமான காரையை 20 வருடம் சுவாசித்தவருக்கு அது ஒரு சதவீதத்தில் கால்பங்குதான். நிலமென்றால் தோண்டி, ஆய்வகத்துக்கு அனுப்பி, இது கிணற்றிலிருந்து வந்த ரேடியம்தான் என்று நிரூபிக்கலாம். நுரையீரலில் வந்த கட்டி தன் முகவரியைச் சொல்வதில்லை. எதிரே இருக்கும் வக்கீல் சிகரெட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

மணவாளக்குறிச்சியின் கதிர் வீசும் கறுப்பு மணலைத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு நியாயமான சந்தேகம் கேட்கக்கூடும்: இயற்கைக் கதிரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியான ஆய்வு, கடலோர மணலின் காமா கதிரால் அங்கே புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் அந்த மக்கள் மணலின் மேல் நடந்தவர்கள். மணலை இயந்திரம் வைத்துப் பொடியாக்கி முகத்துக்கு நேரே ஊதிக்கொண்டவர்கள் இல்லை. அந்த ஆய்வைப் பட்டறை ஆளுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

பட்டறைகள் மெல்ல மாறின. உலர்ந்த சுரண்டலுக்குப் பதில் உயரழுத்தத் தண்ணீர், மூடிய தொட்டி, முகமூடி. காரையைக் குழாயோடு சேர்த்து அடைத்து, கைவிட்ட கிணற்றுக்குள்ளேயே இறக்கி, மேலும் கீழும் சிமென்ட் ஊற்றி மூடும் வழக்கமும் வந்தது. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது. இந்தத் தொழிலில் நடந்த புத்திசாலித்தனமான காரியங்களில் இது ஒன்று.

அதற்குள் ஷேல் பாறையை உடைத்து வாயு எடுக்கும் காலம் வந்துவிட்டது. பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறை நீரில் ரேடியம் பழைய கிணறுகளைவிடக் கூடுதல்; அந்த நீரில் பேரியமும் அதிகம். இண்டியானா கவுன்டியில், ஜோசஃபைன் என்ற இடத்து சுத்திகரிப்பு நிலையம் இந்த நீரை வாங்கி, சல்ஃபேட் சேர்த்து, பேரியத்தை மண்டியாக இறக்கிவிட்டு மீதியைப் பிளாக்லிக் ஓடையில் விட்டது. டியூக் பல்கலைக்கழகக் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த முறையில் ரேடியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மண்டியோடு போய்விட்டது. சுத்திகரிப்பு தன் வேலையைச் சரியாகவே செய்தது. மிச்சமிருந்த சொச்சம் போதுமானதாக இருந்தது: குழாய் ஓடையில் விழும் இடத்து வண்டலில் ரேடியம், ஓடையின் மேல்பகுதியைவிட சுமார் 200 மடங்கு. மண்டியோ குப்பைமேட்டுக்குப் போயிற்று. வோத்னியில் ஆயுதக் காவலோடு ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டிய பொருள்.

அடுத்த வருடம், 2014ல், வடக்கு டகோட்டாவின் நூனன் என்ற குட்டி ஊரில், மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றுக்குள் குப்பைப் பைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. உள்ளே இருந்தவை எண்ணெய் வயல் நீரை வடிகட்டும் துணிக் குழல்கள்; ஊர்க்காரர்கள் அவற்றைக் காலுறை என்பார்கள். வரம்பை மீறிய கதிர் உள்ள கழிவை மாநிலத்தின் குப்பைமேடுகள் அப்போது ஏற்கவில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பக் காசாகும். யாரோ குறுக்கு வழி பார்த்திருந்தார்கள். 2016ல் மாநிலம் தன் குப்பைமேட்டு வரம்பைக் கிராமுக்கு 5 பிகோகியூரியிலிருந்து 50 ஆக்கியது. அதற்கும் ஆபத்துக் கணக்கு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள், செய்தது ஆர்கோன் ஆய்வகம். இந்த முறை கணக்கில் விவசாயக் குடும்பத்தைவிடக் குப்பைமேட்டுத் தொழிலாளியே முன்னால் நின்றார்.

வோத்னியின் தொட்டிகள் ஐம்பதுகளின் நடுவில் நின்றுபோயின. அணு உலைகள் வந்தபின் கோபால்ட் மலிவாகக் கிடைத்தது, ரேடியத்தை யாரும் தேடவில்லை. ஆலை போனாலும், கழிவுநீர் ஓடிய தரையும் மண்டி கொட்டிய இடங்களும் அப்படியே இருந்தன. கோமியின் உயிரியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அங்கே போக ஆரம்பித்தார்கள். கைதிகள் காலிசெய்த மண்ணில் பொறி வைத்து வயலெலிகளைப் பிடித்து, எலும்பில் எவ்வளவு ரேடியம் சேர்ந்திருக்கிறது, ரத்தம் எப்படி இருக்கிறது, குட்டிகள் எத்தனை என்று எழுதிக்கொண்டார்கள். சுத்தமான மண்ணின் எலிகளையும் பிடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எலி பிடிக்கும் வேலை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அங்கே எலி பிடித்துக்கொண்டிருந்த அறுபதுகளில், ஹார்வியின் 33 ஏக்கரில், காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் முதல் குழாயைச் சட்டத்தில் ஏற்றிக் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.